ஒன்றரைப் பாட்டு

சத்தத்தைக் குறை என்று ஒருநாளும் என்னிடம் சொல்லாத என் அப்பாவுக்கு,

முதலில் உன் காலைத் தொட்டுக் கெஞ்சுகிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உனக்கு முன்னாலேயே அங்கே போன பெரியப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் வாயில் ஒரு சேதி அரை மணி நேரம்கூடத் தங்காது என்று நீதான் சொல்வாய். அவரிடம் மட்டுமாவது மறைத்துவிடு. படித்து முடித்ததும் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்.

கடிதத்தில் அப்பாவை ‘நீங்கள்’ என்றுதான் எழுத வேண்டும் என்று தமிழ் மிஸ் சொல்வார். உன்னை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. இப்போது ஆரம்பித்தால் யாரோ யாருக்கோ எழுதியது என்று நீ திருப்பி அனுப்பிவிடுவாய்.

அம்மா உள்ளே தூங்குகிறாள். நான் முன்னறையில், உன் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் அறிவியல் புத்தகம் திறந்திருக்கிறது. காலாண்டுத் தேர்வு வருகிறது. யாராவது எட்டிப் பார்த்தால் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஐந்து நாளில் பொய் சொல்வது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்பா, உன்னை நான் பேயாக்கிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ பங்குனியில் போனாய். இப்போது புரட்டாசி. உன் ரேடியோ செட்டை அம்மா விற்கவில்லை. திண்டிவனத்திலிருந்து ஒருவர் வந்து ஸ்பீக்கர் குழாய், பாக்ஸ், வயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அளத்தில் உப்பு வாரும் வேலை மழை வந்தால் நின்றுவிடும். மழைக்காலத்துக்கு நமக்கு இந்தச் செட்டுதான் என்றாள். ஆடியில் ஒரு காதுகுத்து, ஆவணியில் இரண்டு கல்யாணம். எந்த வயர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கு அதட்டத் தெரியும். சமாளித்துவிட்டோம்.

புரட்டாசி மாதம் முழுக்கப் பெருமாள் கோயிலுக்குப் பாட்டுப் போடுவது உன் வேலைதானே? அதையும் அம்மா விடவில்லை. தர்மகர்த்தா வீட்டுக்கே வந்து கேட்டார்.

“ஏம்மா லச்சுமி, பொம்பளைங்களால ஆவுற காரியமா இது? வேற செட்ட சொல்லிடட்டா?”

“சுவிச்சுக்கு இன்னா மீசையா தெரியும்?” என்றாள் அம்மா.

அவர் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

ஆனால் அம்மா நாலு மணிக்கே அளத்துக்குப் போய்விடுகிறாள். அதனால் ஐந்து மணிக்கு எழுந்து பாட்டைப் போடுவது நான்தான். இது ஊருக்குத் தெரியாது. சின்னப் பெண்ணை விடிகாலையில் கரண்டில் கை வைக்க விடுகிறாள் என்று சொல்வார்களாம். அம்மா எல்லாவற்றையும் மாட்டி வைத்துவிட்டுப் போகிறாள், ஐந்து மணிக்கு அது தானாக ஆரம்பித்துக்கொள்ளும் என்று சொல்லி வைத்திருந்தோம். கேட்பவர்களும் சரி என்று தலையாட்டினார்கள்.

நீ போன பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். நான் கடிகாரமே பார்ப்பதில்லை. ஐந்து மணிப் பெருமாள் பாட்டுக்கு மட்டும்தான் அலாரம் வேண்டும். மீன்கார அக்காவின் வண்டியில் ‘சங்கரா, நெத்திலி, சங்கரா, நெத்திலி’ என்று அவளே பேசிப் பதிந்த குரல் வந்தால் ஆறரை. ஈசிஆர் சாலைத் திருப்பத்தில் பாண்டி பஸ்ஸின் குத்துப் பாட்டு கேட்டால், நான் இன்னும் தலை பின்னவில்லை என்று அர்த்தம். அளத்தில் அம்மா கூட்டம் போனைப் பாலித்தீன் கவரில் சுற்றி வரப்பு மேல் வைத்துவிட்டு, அதில் ஓடும் பாட்டின் வேகத்துக்குக் கூடை தூக்குவார்கள். சோகப் பாட்டு வந்தால் மேஸ்திரிக்குப் பிடிக்காது. நடை குறைந்துவிடுமாம்.

நம் ஊரில் குழாய்ப் பாட்டைக் கேட்டாலே சேதி தெரிந்துவிடும். நீ சொல்வாயே, பத்திரிகை அடிப்பதெல்லாம் தண்டம், முதல் பாட்டுதான் பத்திரிகை என்று. யார் வீட்டில் விசேஷம், பெண்ணுக்கா பையனுக்கா, எல்லாம் அதிலேயே வந்துவிடும். சாவு என்றால் சங்கு ஊதி, பிறகு அந்த மூன்று பாட்டு. முதல் பாட்டின் முதல் வரி முடிவதற்குள் தெருவில் எல்லா அடுப்பும் அணைந்துவிடும்.

அந்த மூன்று பாட்டை உன் பென்டிரைவில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தாய். கோயில் பாட்டுக்கு மஞ்சள் டேப். இரண்டும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்தன.

போன சனிக்கிழமை, புரட்டாசி முதல் சனி. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தேன். டியூப்லைட்டைப் போடவில்லை. உன் படத்துக்கு மேலே சிவப்பு ஜீரோ பல்பு ஒன்று மாட்டியிருக்கிறோம், அது இரவெல்லாம் எரியும். அந்த வெளிச்சம் போதும் என்று டப்பாவில் கையை விட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அறிவியலில் அந்தப் பாடம் அடுத்த பருவத்தில்தான் வருகிறது.

செருகினேன். ஆம்ப்பைப் போட்டேன். வேப்பமரத்துக் குழாயில் சங்கு ஊதியது. கோயில் பாட்டும் சங்கில்தானே ஆரம்பிக்கும்? சரியாகப் போட்டுவிட்டோம் என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்கு ஓடிவிட்டேன். ஏன் அப்பா இரண்டுக்கும் ஒரே சங்கை வைத்தாய்?

குழாயடியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. வாயாடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்கவில்லை.

“யாருடி?”

“தெரியலியே. ராத்திரி யாருக்கும் ஒண்ணும் இல்லியே.”

“நடேசன் தாத்தாவா இருக்கும். ஆடியிலேருந்து இழுத்துக்கிட்டு இருக்குது.”

அப்பா, நீ சிரிப்பாய். நானும் அவர்களோடு சேர்ந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு யாரோ என்று நின்றேன். நிஜமாகவே நின்றேன். முதல் பாட்டு முழுவதும் நடேசன் தாத்தாவுக்காக வருத்தப்பட்டேன். இரண்டாவது பாட்டு ஆரம்பித்த பிறகுதான், இந்தச் சத்தம் நம் வீட்டு ஆம்ப்பிலிருந்து அல்லவா போகிறது என்று மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். பாதிப் பாட்டில் அணைத்தேன். பிடுங்கிய வேகத்தில் பென்டிரைவ் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

மொத்தம் ஒன்றரைப் பாட்டு. அவ்வளவுதான் நான் போட்டது.

அதற்குள் பாதி ஊர் நடேசன் தாத்தா வீட்டு வாசலில். பால்கார மூர்த்தி பெருமாளுக்கு வாங்கி வைத்திருந்த துளசி மாலையைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தாத்தா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தாராம்.

“இன்னாடா காலங்காத்தால கூட்டம்?”

“தாத்தா, நீ இருக்கியா?”

“ஏண்டா, இருக்கக் கூடாதா?” மாலையைப் பார்த்திருக்கிறார். “எனக்கா அது? முதல்ல சாமிக்குப் போடு. நான் ஒண்ணும் அவசரப்படல.”

யாரோ அதற்குள் வானூரில் இருக்கும் அவர் மகளுக்குப் போன் போட்டுவிட்டார்கள். அந்த அம்மா ஏழு மணி பஸ்ஸில் இறங்கி, பஸ் ஸ்டாப்பிலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்தார்.

“நான் வந்துட்டேம்பா! கண்ணத் தொறந்து பாருப்பா!”

“தொறந்துதாண்டி வச்சிருக்கேன். போயி டீ வாங்கியா.”

இதையெல்லாம் இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. ஏனென்றால் இதற்கு நடுவில் வேறு ஒன்று நடந்தது.

தாத்தா உயிரோடு இருக்கிறார் என்றால், செத்தது யார்? ஊர் அப்படித்தான் கேட்டது. ஒவ்வொருவரும் தன் வீட்டில் தலையெண்ண ஆரம்பித்தார்கள். போன வாரமே காற்று திரும்பிவிட்டது அப்பா. வாடை விழுந்துவிட்டது. வாடைக் காற்றில் நம் குழாய்ச் சத்தம் அளம் வரைக்கும் போகும் என்று உனக்குத் தெரியும். அங்கே இருட்டில் உப்பு வாரிக்கொண்டிருந்த இருபது பொம்பளைகளுக்கும் அது கேட்டிருக்கிறது. யார் வீட்டில் என்று தெரியாது. கூடையை அப்படியே போட்டுவிட்டு, ஒவ்வொருத்தியும் தன் வீட்டை நினைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

அம்மாவோடு கூடை தூக்கும் ருக்கு அத்தையின் மகன் முந்தின நாள் இரவு போட்டில் கடலுக்குப் போயிருந்தான். அத்தை வரப்பில் வழுக்கி விழுந்து முட்டி கிழிந்துவிட்டது. அதில் உப்புத் தண்ணீர். அந்த எரிச்சலோடு எழுந்து ஊர் வரைக்கும் ஓடி வந்திருக்கிறாள். நம் தெருவில் நுழையும்போது “எம் புள்ள, எம் புள்ள” என்று கத்திக்கொண்டே வந்தாள். அந்தக் குரலை நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தாலும் கேட்கிறேன். மகன் எட்டு மணிக்குக் கரைக்கு வந்து சேர்ந்தான். நல்ல மீனாம். அதற்குள் அத்தைக்கு மூன்று மணி நேரம் போய்விட்டது.

அம்மாவும் ஓடி வந்தாள். முழங்கால் வரை வெள்ளையாக உப்பு. என்னைப் பார்த்ததும் என் தலை, கை, முதுகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். நான் இருக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. பிறகு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் தர்மகர்த்தா கூட்டத்தோடு வந்தார்.

“யாரு போட்டது? லச்சுமி சாமி பாட்டத்தான் மாட்டி வச்சிட்டு அளத்துக்குப் போயிருக்கா. அப்போ யாரு போட்டது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ருக்கு அத்தையின் முட்டியிலிருந்து இரத்தம் கணுக்கால் வரை வழிந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று நினைத்தேன். பொய் வந்தது.

“எனக்குத் தெரியாதுங்க. நான் தூங்கிட்டிருந்தேன். தானா பாடுச்சு.”

நான் குழாயடியில் நின்றதைப் பார்த்தவர்கள்கூட ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் கேட்டு எழுந்து வந்திருப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“தானா எப்படிம்மா சாவுப் பாட்டு பாடும்?”

தர்மகர்த்தா குழாயை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூட்டத்தில் பின்னால் இருந்து ஒரு குரல். யார் என்று தெரியவில்லை.

“சேகரு போட்டிருப்பான்.”

உன் பெயர். ஆறு மாதத்துக்குப் பிறகு நம் வாசலில் யாரோ உன் பெயரைச் சொன்னார்கள்.

“தெருவுக்கெல்லாம் பாட்டு போட்டவன். அவன் சாவுக்கு ஒரு பாட்டு உண்டா? அவன் செட்ட யாருக்கு ஓட்டத் தெரிஞ்சுது அன்னிக்கு? ஊமையா இல்ல தூக்கிட்டுப் போனோம்.”

“ஆமாம்பா. அதான் தனக்குத் தானே போட்டுக்கிட்டான்.”

அது உண்மைதான் அப்பா. அன்றைக்குக் குழாய் வேப்பமரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உனக்குப் பாட்டு இல்லாமல் போனதை ஊர் இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் அது வளர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் உன்னைக் கோயில் பின்னால் வயர் சுற்றிக்கொண்டு நிற்கப் பார்த்தார். திங்கட்கிழமை டிரான்ஸ்பார்மரில் பொறி பறந்தது, அதுவும் நீதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பில் ஃபேன் நின்றதும் பின் பெஞ்சில் ஒருத்தி, “ஏய் பவி, உங்கப்பாவ கொஞ்சம் ஃபேன் போடச் சொல்லுடி” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகவும் மன்னித்துக்கொள்.

சந்தோஷமான சேதியும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். பலகாரக் கடைக்காரர் தன் தங்கை கல்யாணத்தில் ஜெனரேட்டர் நின்றபோது நீ விடியும்வரை பெட்ரோமாக்ஸ் பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சொன்னார். அது எனக்குத் தெரியவே தெரியாது. சின்ன வயதில் நீ மைக்கில் ‘ஹலோ, ஒன், டூ’ என்பதற்குப் பதில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லி அடி வாங்கினாயாமே? மூர்த்தி சொன்னார். பேயைப் பற்றிப் பேச வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் இப்படி ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்கள். அம்மா தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆனால் நேற்றுச் சாயங்காலம் தர்மகர்த்தா வந்து ஊர் முடிவைச் சொன்னார். பூசாரி ஒருவரை வரவழைத்திருக்கிறார்களாம். அமாவாசை விடிவதற்கு முன்னால், கடற்கரைக்குப் போகிற வழியில் நிற்கும் ஒற்றைப் பனையில் ஆணி அடித்து உன்னைக் கட்டிவிடப் போகிறார்களாம். அதற்கு நீ போட்டிருந்த சட்டை ஒன்று வேண்டும்.

“நாளன்னைக்கு மகாளய அமாவாசைங்க” என்றாள் அம்மா. “ஊரே செத்தவங்களக் கூப்பிட்டுச் சோறு வைக்கிற நாளு. அன்னிக்கா எங்க வீட்டு மனுஷனுக்கு ஆணி அடிக்கிறீங்க?”

“எங்களுக்கு இன்னா ஆசையா லச்சுமி? ருக்கு கால் பாத்தியா? இன்னொரு தடவ இப்படிப் போட்டான்னா கெழம் கட்டைங்க தாங்குமா? அவன் ஒரு எடத்துல இருக்கட்டும். அவனுக்கும் நல்லது.”

அவர் கெட்டவர் இல்லை அப்பா. நிஜமாகவே உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதில் உன் நீலக் கட்டம் போட்ட சட்டை. மடித்து வைத்திருந்தது. காலரில் நீ பேனாவைச் செருகிக் கறையாக்கியது அப்படியே இருந்தது. நான் பையைக் கீழே எடுத்து, சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா பின்னால் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கூப்பிட்டாள்.

“இன்னாடி பண்ற?”

“நான்தாம்மா போட்டேன்.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“செவப்புப் பல்புல டேப்பு தெரியலம்மா. சங்கு ஊதிச்சா, சரின்னு நெனச்சு தண்ணி புடிக்கப் போயிட்டேன். அப்பா போடல. நான்தான் போட்டேன். ருக்கு அத்த கால பாத்ததும் பயந்துட்டேம்மா.”

அம்மா ஈரக் காலோடு உள்ளே வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் எதிரில் உட்கார்ந்தாள்.

“எத்தினி பாட்டு ஓடிச்சு?”

“ஒன்றர.”

“அதான் பாத்தேன்.” அவள் குரல் எப்படியோ இருந்தது. கண்ணைத் திறந்தால், சிரிக்கிறாள். “உங்கப்பன் என்னிக்காவது ஒரு பாட்டப் பாதியில நிறுத்திப் பாத்திருக்கியா? கரண்டு போனாகூட பேட்டரிய மாட்டி அந்தப் பாட்ட முடிச்சிட்டுத்தான் சோத்துல கைய வைக்கும் அந்த மனுஷன். பேயானா மட்டும் பழக்கம் மாறிடுமா? பாதியில நின்னப்பவே தெரியும், இது பயந்த கழுத ஒண்ணு அமுக்குனதுன்னு.”

“தெரியுமா? அப்புறம் ஏன்மா சொல்லல?”

அம்மா சட்டையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலர் கறையைத் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

“ஆறு மாசமா எங்கிட்ட உங்கப்பா பேர யாரும் எடுக்கறதில்லடி. எடுத்தா நான் அழுதுடுவேன்னு எல்லாருக்கும் பயம். எதிர்ல வந்தா பேச்ச மாத்துறாங்க. இந்த அஞ்சு நாளா ஊரே வந்து உக்காந்து அந்த ஆளப் பத்தியே பேசிச்சு. பேயின்னு சொன்னா இன்னா, பேரச் சொன்னாங்களே. இன்னும் ஒரு நாளு கேட்டுக்கலாம், இன்னும் ஒரு நாளுன்னு இருந்துட்டேன். தப்புதான்.”

“ஆணி அடிச்சிருப்பாங்களேம்மா.”

“அடிக்க உட்டுருவனா? நீ சொல்லலன்னா விடிகாலைல நானே போயி சொல்லியிருப்பேன். நீயா சொல்றியான்னு பாத்தேன்.” என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கிற குட்டுதான். “இத்தினி நாளு ஆச்சு உனக்கு.”

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சோறு சாப்பிட்டோம் அப்பா. ஐந்து நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. கருவாட்டுக் குழம்பு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். செட்டு என்ன ஆகும், தர்மகர்த்தா கோயிலுக்கு வேறு செட்டைச் சொல்லிவிட்டால் என்று கேட்டேன். “செட்டு போனா போவட்டும்” என்றாள் அம்மா. “உங்கப்பா பேரு போவக் கூடாது. அந்தாளு யாரையும் ஒரு தடவகூட அழ வச்சதில்ல.” அம்மா இப்போது உள்ளே உன் சட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறாள். குறட்டை கேட்கிறது. நீ கேலி செய்வாயே, அதே குறட்டை. பங்குனிக்குப் பிறகு இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

அம்மாவும் நானும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். ஐந்து மணிக்கு, பாட்டுக்கு முன்னால், நான் மைக்கைப் போட்டு ஊருக்கே சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வது என்று அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ‘சனிக்கிழமை காலை பாட்டைப் போட்டது பவித்ரா. அப்பா இல்லை. தெரியாமல் போட்டேன், பயந்து பொய் சொன்னேன். ஓடி வந்த எல்லோரும் மன்னிக்க வேண்டும்.’ நாலு வரிதான். இருபது தடவை படித்துவிட்டேன். ருக்கு அத்தை பெயரையும் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. அத்தைக்கு அது பிடிக்குமா, இன்னும் கோபம் வருமா?

பள்ளிக்கூடத்தில் ஒரு மாதத்துக்கு என்னைக் கேலி செய்யாமல் விட மாட்டார்கள். தர்மகர்த்தா மீசை துடிக்கும். அளத்தில் அம்மாவை யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள். எல்லாம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று இருந்த பயம் வேறு மாதிரி. அதில் சோறு இறங்கவில்லை. இது வெறும் பரீட்சைப் பயம் மாதிரி இருக்கிறது. எழுதிவிட்டால் முடிந்துவிடும்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். நீ எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் இருக்கிறாய் என்பதால், இனி என் தப்பு எதையும் உன் தலையில் வைக்க மாட்டேன். உன்னைப் பற்றி யாராவது பேசினால் நடுவில் எழுந்து போக மாட்டேன். அம்மாவிடம் நானே உன்னைப் பற்றிப் பேசுவேன், தினமும், அவள் அழுதாலும். இது சத்தியம் அப்பா.

என்றும் உன் ஒரே மகள்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வாசல் கதவு. இன்னும் நாலு மணிகூட ஆகவில்லையே.

“பவி... லைட்டு எரியுதே, முழிச்சிட்டிருக்கியா? நான்தாண்டி, ருக்கு அத்த. பூசாரி வந்துட்டாரு. சட்டைய வாங்கியாரச் சொன்னாங்க.”

நொண்டிக்கொண்டே வந்திருக்கிறாள். படியில் ஒரு கால் மட்டும் அழுத்தமாக விழுகிறது. அம்மாவை எழுப்ப மாட்டேன் அப்பா, அவள் தூங்கட்டும். மைக் வேண்டாம். நானே கதவைத் திறந்து, அத்தையிடம்தான் முதலில்